அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பமும் இன்டர்வியூ காத்திருப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எம்.டி. (அங்கே மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டம்) படிப்புக்கு விண்ணப்பிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஆண்டுதோறும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். தேதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும். அவற்றை மட்டும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் (ஏ.ஏ.எம்.சி.) தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஹைஸ்கூல் முடிச்சதும் நேரா மெடிக்கல் சேர முடியாதா?

பொதுவாக முடியாது. நான்கு வருடக் கல்லூரிப் படிப்பு, அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்கள் லேபோடு, பிறகு மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட். அதன் பிறகுதான் விண்ணப்பம். பள்ளியிலிருந்தே இரண்டு படிப்புக்கும் சேர்த்து இடம் தரும் பி.எஸ்./எம்.டி. திட்டங்கள் உண்டு, ஆனால் இடங்கள் மிகக் குறைவு.

பலர் கணக்கில் விடுவது காலத்தை. ஜூனில் விண்ணப்பித்தால் வகுப்பில் உட்காருவது அடுத்த வருடம் ஜூலை அல்லது ஆகஸ்டில். இடைவெளி இல்லாமல் சேர வேண்டும் என்றால் மூன்றாம் ஆண்டு முடியும்போதே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஓரிரு வருடம் கழித்து விண்ணப்பிப்பவர்கள் இன்று மிகச் சாதாரணம். அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

2. ஒரே அப்ளிகேஷன் எல்லா காலேஜுக்கும் போயிடுமா?

முதல் கட்டம் மட்டும். எம்.டி. கல்லூரிகளுக்கு ஆம்காஸ், டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கு ஆகோமாஸ், டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என மூன்று தனித்தனி வழிகள். ஆம்காஸில் எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் மதிப்பெண்ணோடு நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். பெர்சனல் ஸ்டேட்மென்ட் இடைவெளி உட்பட 5,300 எழுத்துகள். செயல்பாடுகள் அதிகபட்சம் 15, ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள். அவற்றில் மிக முக்கியமானவை என்று நீங்கள் குறிக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325.

அந்த 15 இடத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு நாள் போன நிகழ்ச்சியைச் சேர்த்தால் பக்கத்தில் இருக்கும் 400 மணி நேர வேலையின் கனமும் குறைந்துவிடும்.

இதற்குப் பின் ஒவ்வொரு கல்லூரியும் தனியாக அனுப்பும் கேள்வித்தாள்தான் செகண்டரி. அது 9ஆம் கேள்வியில் வருகிறது.

3. எவ்வளவு ஸ்கோர் இருந்தா தேறும்?

எம்கேட் 472 முதல் 528 வரை. எழுதுபவர்களின் சராசரி 500ஐ ஒட்டி இருக்கும். எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி அண்மை ஆண்டுகளில் 511க்கும் 512க்கும் இடையில், ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண்களின் சராசரி, 4க்கு) 3.8க்கு அருகில். 2024இல் ஏறத்தாழ 52 ஆயிரம் பேர் விண்ணப்பித்து, சுமார் 23 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வருடம் ஓர் இடமும் இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மொத்த ஸ்கோரை மட்டும் பார்க்காமல் நான்கு பகுதிகளையும் பாருங்கள். மூன்றில் 130 எடுத்து, வாசிப்புப் பகுதியான கார்ஸில் மட்டும் 123 இருந்தால் மொத்தம் 513. சராசரிக்கு மேல்தான், ஆனால் அந்த ஒரு பகுதி சில கல்லூரிகளில் வடிகட்டலில் சிக்கும். தேர்வை ஒரு வருடத்தில் 3, தொடர்ந்த இரு வருடங்களில் 4, வாழ்நாளில் 7 முறை மட்டுமே எழுதலாம். எழுதிய எல்லா ஸ்கோரும் கல்லூரிகளுக்குத் தெரியும்.

4. கெமிஸ்ட்ரில சி வாங்கினா, திரும்ப எடுத்து ஏ வாங்கிட்டா. பழைய மார்க் போயிடும்ல?

போகாது. கல்லூரி தன் டிரான்ஸ்கிரிப்டில் பழையதை நீக்கினாலும் ஆம்காஸ் இரண்டையும் எண்ணும். நான்கு கிரெடிட் பாடத்தில் முதலில் சி (2.0), பிறகு ஏ (4.0) என்றால், எட்டு கிரெடிட்டுக்கு 3.0 என்றுதான் ஏறும். இதோடு உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனி ஜி.பி.ஏ. ஒன்றையும் ஆம்காஸ் போடும். கல்லூரி சொன்ன 3.7 அங்கே 3.55 ஆக வந்து நிற்கும்போது அதிர்ச்சி அடையாமல் இருக்க, மே மாதத்துக்கு முன்பே நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

5. பெரிய பேரு உள்ள இருபது காலேஜுக்குப் போட்டா ஒண்ணாவது கிடைக்காதா?

இந்தக் கணக்கால்தான் நல்ல மாணவர்கள் பலர் வெறுங்கையோடு நிற்கிறார்கள். ஒரே வகையான இருபது கல்லூரிகள் ஒரே காரணத்துக்காக உங்களை ஒதுக்கும். பட்டியல் கலவையாக இருக்க வேண்டும்: சொந்த மாநிலக் கல்லூரிகள் எல்லாம், உங்கள் எம்கேட்டும் ஜி.பி.ஏ.வும் நடுவில் விழும் தனியார் கல்லூரிகள் கணிசமாக, எட்டிப் பிடிக்க வேண்டியவை நான்கைந்து.

ஏ.ஏ.எம்.சி.யின் எம்சார் தரவுத்தளத்துக்குச் சிறு சந்தா கட்டுங்கள். அதில் ஒவ்வொரு கல்லூரிக்கும் முதலில் பார்க்க வேண்டியது, வெளிமாநிலத்தவர் எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேருக்கு இன்டர்வியூ கிடைத்தது என்பதை. டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படி ஒரு இடத்துக்குப் பணம் கட்டும் முன் அந்த மாநிலத்தோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று யோசியுங்கள்.

செலவும் கூடும். ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு 170 டாலருக்கு மேல், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 டாலருக்கு மேல். செகண்டரிக்குத் தனியாக, பெரும்பாலும் 75 முதல் 150 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஏ.ஏ.எம்.சி.யின் கட்டண உதவித் திட்டம் உண்டு. ஆனால் எம்கேட் பதிவுக்கும் விண்ணப்பத்துக்கும் முன்பே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கட்டிய பணம் திரும்பாது.

6. நாங்க எச்-4ல இருக்கோம். பையன் இங்கதான் எல்.கே.ஜி.ல இருந்து படிச்சான். அவனும் இன்டர்நேஷனலா?

ஆம், பெரும்பாலான கல்லூரிகளின் கணக்கில் அப்படித்தான். மனசுக்குக் கஷ்டமான பதில், ஆனால் தாமதமாகத் தெரிந்தால் இன்னும் கஷ்டம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்கள் ஒரு வரிசை, விசாவில் இருப்பவர்கள் வேறு வரிசை. 21 வயதுக்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) முடிந்து, பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். மெடிக்கல் சேரும் வயதும் ஏறக்குறைய அதுதான்.

விசா மாணவர்களை எடுக்கும் கல்லூரிகள் குறைவு, பெரும்பாலும் தனியார். எம்சாரில் அந்த விவரத்தைப் பார்த்துவிட்டு, அட்மிஷன் அலுவலகத்துக்கும் மெயில் போட்டு எழுத்தில் உறுதி வாங்குங்கள். மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது. சில கல்லூரிகள் ஒரு வருடக் கட்டணத்தையோ நான்கு வருடத்துக்கும் உரியதையோ முன்பணமாக வங்கியில் வைத்துக் காட்டச் சொல்லும். விண்ணப்பித்த பிறகு கிரீன் கார்டு வந்தால் அன்றே ஒவ்வொரு கல்லூரிக்கும் நகலோடு தெரிவியுங்கள்.

7. கடைசித் தேதி நவம்பர்னு போட்டிருக்கு. ஜூன்லயே என்ன அவசரம்?

பெரும்பாலான கல்லூரிகள் வந்த வரிசையில் கோப்பைப் பிரித்து, இன்டர்வியூ இடங்களையும் அப்படியே நிரப்பிக்கொண்டு போகின்றன. அக்டோபரில் உங்கள் கோப்பைத் திறக்கும்போது மீதி இருப்பது சில தேதிகள் மட்டும். ஆம்காஸ் மே தொடக்கத்தில் திறக்கும். அனுப்பும் வசதி மே கடைசியில் வரும். கல்லூரிகளுக்கு முதல் தொகுதி போய்ச் சேர்வது ஜூன் கடைசியில்.

இடையில் இருப்பது சரிபார்ப்பு. நீங்கள் தட்டச்சு செய்த ஒவ்வொரு பாடத்தையும் டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிடுவார்கள். முதல் சில நாட்களில் அனுப்பினால் சீக்கிரம் முடியும். நெரிசலான வாரங்களில் ஒரு மாதத்தைத் தாண்டும். எல்லா டிரான்ஸ்கிரிப்டும் வந்த பிறகுதான் நீங்கள் வரிசையிலேயே சேர்வீர்கள். பெரும்பாலோர் மறப்பது, ஹைஸ்கூலில் இருக்கும்போது கம்யூனிட்டி காலேஜில் எடுத்த இரட்டைப் பதிவு வகுப்பு. ஒரே ஒரு பாடமானாலும் அந்தக் கல்லூரியிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் வர வேண்டும்.

அதற்காக அரைகுறையாக முதல் நாளே அனுப்பச் சொல்லவில்லை. ஜூன் 1க்கும் ஜூன் 15க்கும் உள்ள வித்தியாசம் சிறியது. ஜூன் நடுவுக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் உள்ளது பெரியது.

8. எம்கேட் ரிசல்ட் வரலை. அதுவரைக்கும் அப்ளிகேஷனை நிறுத்தி வைக்கணுமா?

வேண்டாம். சரிபார்ப்புக்கு எம்கேட்டும் தேவையில்லை, சிபாரிசுக் கடிதங்களும் தேவையில்லை. ஒரே ஒரு கல்லூரியை மட்டும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். ரிசல்ட் வர ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் சரிபார்ப்பு முடிந்திருக்கும். ஸ்கோரைப் பார்த்துவிட்டு 5ஆம் பதிலில் சொன்னபடி மீதிக் கல்லூரிகளைச் சேர்த்தால் அவை மறுபடி வரிசையில் நிற்காமல் உடனே போய்ச் சேரும்.

9. செகண்டரி வந்துடுச்சு! செலக்ட் ஆன மாதிரிதானே?

இல்லை. பல கல்லூரிகள் விண்ணப்பித்த எல்லோருக்கும் அனுப்புகின்றன, சில மட்டுமே வடிகட்டி அனுப்பும். வந்ததிலிருந்து இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புவது வழக்கம். ஜூலையில் ஒரே வாரத்தில் பத்து வந்து விழும். எனவே ஜூனில் காத்திருக்கும்போதே வழக்கமான கேள்விகளுக்கு எழுதி வையுங்கள்: எங்கள் கல்லூரி ஏன், சந்தித்த தோல்வி, உங்களிடமிருந்து மாறுபட்டவரோடு வேலை செய்தது, இடைவெளி வருடத்தில் என்ன செய்கிறீர்கள்.

"எங்கள் கல்லூரி ஏன்" என்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கல்லூரியின் பெயரை மாற்றினாலும் உங்கள் பதில் அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் மறுபடி எழுதுங்கள். வேறு கல்லூரியின் பெயரோடே அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அனுப்பும் முன் இன்னொருவர் கண்ணில் காட்டுங்கள்.

10. பெரியப்பா கார்டியாலஜிஸ்ட். அவர்கிட்டயே லெட்டர் வாங்கிடலாமா?

கூடாது. உறவினர் கடிதத்துக்கு மதிப்பு இல்லை, தெரிய வந்தால் சங்கடம். அவர் கிளினிக்கில் சில நாட்கள் உடனிருந்து பார்க்கலாம். ஆனால் ஷேடோயிங் முழுவதும் அங்கேயே இருந்தால் அது கண்ணில் படும். வழக்கமாகக் கேட்பது அறிவியல் பேராசிரியர் இருவர், வேறு துறைப் பேராசிரியர் ஒருவர், உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் ஒருவர். இவர்களிடம் பிப்ரவரி, மார்ச்சிலேயே கேட்டுவிடுங்கள். படித்த கல்லூரியில் கமிட்டி கடிதம் (கல்லூரிக் குழுவே மாணவருக்காக எழுதும் சிபாரிசு) உண்டென்றால் அது என்றைக்குப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த பதிலுக்கு அது தேவைப்படும்.

11. எல்லாம் அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு மெயிலும் இல்ல. ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?

மௌனம் நிராகரிப்பு அல்ல. இன்டர்வியூ அழைப்புகள் ஆகஸ்டில் தொடங்கி பிப்ரவரி, சில இடங்களில் மார்ச் வரை போகும். ஒரு கோப்பை முதல் வாசிப்பில் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: கூப்பிடலாம், வேண்டாம், பிறகு பார்க்கலாம். மூன்றாம் குவியல்தான் பெரும்பாலும் பெரிது. அதில் இருப்பவர்களுக்கு எந்தத் தகவலும் வராது. ஒரே கல்லூரியில் தோழிக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்பதிலும் பொருள் தேட வேண்டாம். வாசிப்பவர்கள் வேறு வேறு, வேகமும் வேறு.

ஆனால் சும்மா காத்திருப்பதற்கு முன் ஒருநாள் மாலை உட்கார்ந்து ஒவ்வொரு கல்லூரியின் போர்ட்டலிலும் நுழைந்து பாருங்கள். "கம்ப்ளீட்" என்று இருக்கிறதா? அது வரும் வரை கோப்பை யாரும் திறக்கவே மாட்டார்கள். அடிக்கடி நிற்பவை இவை: கமிட்டி கடிதம் செப்டம்பர் வரை போகவில்லை, கடிதம் ஆம்காஸில் இருக்கிறது, ஆனால் அந்தக் கல்லூரிக்கு ஒதுக்கப்படவில்லை, காஸ்பர் (சிக்கலான சூழ்நிலைகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் இணையத் தேர்வு) எழுதியாயிற்று, முடிவை அந்தக் கல்லூரிக்கு அனுப்பவில்லை, செகண்டரி கட்டணம் அட்டையில் நிராகரிக்கப்பட்டது, போட்டோ ஏற்றவில்லை. மெயிலின் ஸ்பாம் பகுதியையும் தினமும் பாருங்கள். சில அழைப்புகளில் தேதியைத் தேர்ந்தெடுக்கச் சில நாட்கள்தான் அவகாசம்.

எங்கள் கணிப்பில், கம்ப்ளீட் ஆகி, நவம்பர் கடைசி வரை எங்கிருந்தும் ஓர் அழைப்பும் இல்லை என்றால் அடுத்த வருடத் திட்டத்தைப் பக்கத்தில் தொடங்கலாம். கையை உதறிவிட வேண்டிய நேரம் அல்ல அது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அழைப்பு வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

12. அப்பா ஒரு போன் போட்டுக் கேட்டா தப்பா?

தப்புதான். விண்ணப்பதாரர் வயது வந்தவர். பெற்றவர் கேட்டால் அவர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள், அந்த அழைப்பு நினைவிலும் நிற்கலாம். போர்ட்டலில் ஏதோ விடுபட்டதாகத் தெரிந்தால் மாணவரே மெயில் அனுப்பட்டும், ஆம்காஸ் அடையாள எண்ணோடு, மூன்று வரியில்.

13. அப்டேட் லெட்டர், இன்ட்ரஸ்ட் லெட்டர், இன்டென்ட் லெட்டர்னு சொல்றாங்களே, எதை எப்போ?

முதலில் அந்தக் கல்லூரி வாங்குமா என்று அதன் தளத்தில் பாருங்கள். வேண்டாம் என்று எழுதியிருந்தால் அனுப்பாதீர்கள்.

அப்டேட் என்பது விண்ணப்பித்த பின் நடந்த புதிய செய்தி. "தொடர்ந்து சேவை செய்து நிறையக் கற்றுக்கொள்கிறேன்" என்றால் செய்தி இல்லை. "செப்டம்பர் முதல் இலவசக் கிளினிக்கில் வாரம் 4 மணி நேரம், இதுவரை 40 மணி. வருகிறவர்களின் ரத்த அழுத்தத்தை எடுத்துப் பதிகிறேன். மருந்து வாங்கப் பணமில்லாதவர்களை உதவித் திட்டத்தில் சேர்க்கும் படிவங்களை நிரப்புகிறேன்" என்றால் செய்தி. இன்ட்ரஸ்ட் என்பது அந்தக் கல்லூரி ஏன் பொருந்தும் என்பது. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து அக்டோபர், நவம்பரில் ஒருமுறை அனுப்பினால் போதும்.

இன்டென்ட் என்பது "இடம் தந்தால் கண்டிப்பாகச் சேருவேன்" என்ற வாக்கு. சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனாலும் வாக்கு வாக்குதான். ஒரே ஒரு கல்லூரிக்கு, இன்டர்வியூ முடிந்த பின், பிப்ரவரி வாக்கில். இரண்டு இடத்துக்கு அனுப்புவது பொய். அதைச் செய்யாதீர்கள்.

14. எம்.எம்.ஐ.ன்னா என்ன? மனப்பாடம் பண்ணிட்டுப் போகலாமா?

மல்டிபிள் மினி இன்டர்வியூ, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை. ஒரே ஆளிடம் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதில், ஆறு முதல் பத்து அறைகள். வாசலில் இரண்டு நிமிடம் கேள்வியைப் படிக்கலாம், உள்ளே ஐந்து முதல் எட்டு நிமிடம் பேச வேண்டும். ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது. மூச்சு விட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போங்கள்.

ஓர் உதாரணம்: "நீங்கள் மருத்துவமனைத் தன்னார்வலர். ஆங்கிலம் தெரியாத ஒரு அம்மாவுக்கு அவருடைய 14 வயது மகள் மொழிபெயர்க்கிறாள். மருத்துவர் பரிசோதனை முடிவைச் சொல்லப் போகிறார், செய்தி கெட்டது போல் தெரிகிறது. என்ன செய்வீர்கள்?" உடனே "மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவேன்" என்று முடித்தால் பதினைந்து வினாடியில் பதில் தீர்ந்துவிடும். யார் யாருக்கு என்ன பாதிப்பு என்று பிரித்துப் பேசுங்கள். தாய்க்குத் தன் உடல்நிலை சரியாகத் தெரிய வேண்டும், பிள்ளை பயத்தில் பாதியை மறைக்கலாம். மகளின் தோளில் அந்தச் செய்தியை ஏற்றக் கூடாது. மருத்துவரின் பேச்சை இடைமறிக்கும் இடத்தில் நீங்கள் இல்லை, ஆனால் அறைக்கு வெளியே அவரிடமோ நர்ஸிடமோ மெதுவாகச் சொல்லலாம். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும், அவசரம் தவிர சிறுவர்களை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. மொழிபெயர்ப்பாளர் போனில் வர நேரமானால் அந்தப் பெண்ணோடு என்ன பேசுவீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்த அனுபவம் நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. அதை ஓரிரு வாக்கியத்தில் சொல்லலாம். மனப்பாடப் பதில் ஒப்பிப்பது போலவே கேட்கும். கடிகாரம் வைத்து நண்பர்களோடு இருபது கேள்விகளாவது பேசிப் பழகுவதுதான் வழி.

15. கம்ப்யூட்டர்ல நடக்கிற இன்டர்வியூதானே, என்ன பெரிய விஷயம்?

2020க்குப் பிறகு பெரும்பாலானவை அப்படித்தான். கேமரா கண் உயரத்தில், வெளிச்சம் முகத்துக்கு முன்னால். நேர மண்டலத்தை இரண்டு முறை பாருங்கள், கிழக்குக் கடற்கரை நேரத்தை மறந்து ஒரு மணி நேரம் தாமதமாக நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். திரையோரம் குறிப்பு ஒட்டினால் கண் ஓடுவது தெரியும். அறையில் அம்மா அப்பா யாரும் இருக்கக் கூடாது.

உங்கள் விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் திறந்து படித்துவிட்டு உட்காருங்கள். இரண்டு வருடம் முன் செய்த ஆராய்ச்சியின் கேள்வி என்ன, முடிவு என்ன என்று கேட்டால் தடுமாறக் கூடாது.

16. ஒரே ஒரு இன்டர்வியூதான் கிடைச்சது. போதுமா?

போதும், ஒரு இடம்தானே வேண்டும். கூப்பிடப்பட்டவர் அந்தக் கல்லூரியால் படிக்க முடியும் என்று ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டவர். ஆனால் உறுதி இல்லை. எனவே 13இல் சொன்ன அப்டேட்டை மற்றக் கல்லூரிகளுக்கு இப்போது அனுப்புங்கள். டி.ஓ. கல்லூரிகள் இன்னும் திறந்திருந்தால் அவற்றையும் யோசியுங்கள். 2020இல் இருந்து எம்.டி., டி.ஓ. இருவரின் ரெசிடென்சி பயிற்சிக்கும் (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் பயிற்சி) அங்கீகார அமைப்பு ஒன்றுதான், ஐம்பது மாநிலங்களிலும் முழு மருத்துவராகப் பணி செய்யலாம்.

17. வெயிட்லிஸ்ட்ல போட்டுட்டாங்க. அது நகருமா? எப்போ?

நகரும், அதற்கென்று காலம் உண்டு. வழக்கமான எம்.டி. முடிவுகளை அக்டோபர் 15க்கு முன் சொல்லக் கூடாது. மார்ச் 15க்குள் கல்லூரிகள் தங்கள் இடங்களின் எண்ணிக்கைக்காவது இடம் தருவதாகத் தெரிவித்திருக்க வேண்டும். பல இடங்கள் கையில் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 15க்குள் மூன்றாகவும், ஏப்ரல் 30க்குள் ஒன்றாகவும் குறைக்க வேண்டும். ஒருவர் ஓர் இடத்தை விட்டால் அங்கே ஒருவர் ஏறுவார், அவர் விட்ட இடத்தில் இன்னொருவர். மே முழுவதும் இந்தச் சங்கிலி ஓடும், ஜூனிலும் ஓடும். வகுப்பு தொடங்கும் வாரத்தில் அழைக்கப்பட்டவர்களும் உண்டு.

மே மாதத்தில் தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை எடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் மெயில் பார்க்க வழி செய்துவிட்டுப் போங்கள். பதில் சொல்ல ஓரிரு நாள்தான் தருவார்கள். உங்களுக்கு இடம் இருந்து, போகப் போவதில்லை என்று முடிவாகிவிட்டால் அன்றே விட்டுக்கொடுங்கள். அந்தச் சங்கிலியின் மறுமுனையில் ஒரு வீடு காத்திருக்கிறது.

18. மார்ச் தாண்டிடுச்சு, ஒண்ணும் வரலை. ஜூன்ல அதே அப்ளிகேஷனைத் திரும்பப் போடலாமா?

அதையே போடாதீர்கள். பழைய கோப்பு கல்லூரியிடம் இருக்கும், "சென்ற முறையிலிருந்து என்ன மாறியது" என்று நேராகவே கேட்பார்கள். எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள். செகண்டரிக்குப் பின் ஓர் அழைப்பும் இல்லை என்றால் ஸ்கோர், பட்டியல், தாமதம், நோயாளிகளோடு இருந்த நேரம் இவற்றில் ஒன்று. அழைப்புகள் வந்தும் இடம் கிடைக்கவில்லை என்றால் பேசும் விதத்தில் பயிற்சி தேவை. சில கல்லூரிகள் ஏப்ரல், மே மாதங்களில் கேட்டால் ஏன் எடுக்கவில்லை என்று சுருக்கமாகச் சொல்லும். மரியாதையாக மெயில் போடுங்கள், மாணவரே.

எம்கேட்டை மறுபடி எழுதியோ, மருத்துவ உதவியாளராகவோ மருத்துவரின் குறிப்புகளை எழுதும் ஸ்கிரைபாகவோ ஒரு வருடம் வேலை செய்தோ மாற்றம் வர வேண்டும் என்றால் ஜூன் வரை உள்ள மூன்று மாதம் போதாது. அப்போது ஒரு வருடம் விட்டு அடுத்த ஜூனில் போடுவதே நல்லது. எம்கேட் ஸ்கோர் பெரும்பாலான கல்லூரிகளில் மூன்று வருடம் செல்லும். அந்தக் கெடு உங்களுக்கு எந்த மாதம் முடிகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள்.